உயரத்தை எங்கே குறைப்பது? ஒரு 1932 ஃபோர்டு ஹாட் ராட் மாடலின் நிகழ்வு ஆய்வு

1/25 அளவில் ஒரு 1932 ஃபோர்டு ஐந்து ஜன்னல் கூபேயை (இரண்டு கதவு கார்) ஹாட் ராடாக, அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய வண்டியாகக் கட்டி முடிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. ஒரு பாடி பாழானது. அதே கிட்டை (பிளாஸ்டிக் பாகங்கள் வரும் பெட்டி) இன்னொன்று வாங்கி, இரண்டாவது பாடியில்தான் வண்டி தேறியது. முதலாவதில் எங்கே பிசகியது, இரண்டாவதில் என்ன வரிசையில் வேலை செய்தேன் என்பதை அளவுகளோடு இங்கே எழுதுகிறேன். மாடல் பாடியில் முதல்முறையாக ரம்பம் வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: வண்டியின் உயரத்தை முதலில் சக்கரத்தில் முடிவு செய்யுங்கள். பாடியில் கை வைப்பது அதற்கு அப்புறம்.

வண்டி

1932-ல் ஃபோர்டு சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு வி8 இன்ஜினைக் கொண்டுவந்தது. 221 கன அங்குலம், அதாவது சுமார் 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். சில வருடங்கள் கழித்து அந்த வண்டிகள் பழைய வண்டிச் சந்தைக்கு வந்தபோது, தென் கலிபோர்னியா இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை முறைப்படுத்த 1937-ல் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. மட்கார்டைக் கழற்றியது எடையைக் குறைக்க. கூரையைத் தாழ்த்தியது காற்றின் எதிர்ப்பைக் குறைக்க. இன்று அழகுக்காகச் செய்வதாகத் தோன்றும் வேலைகளுக்கெல்லாம் அன்று ஒரு காரணம் இருந்தது. மாடல் கட்டும்போது அந்தக் காரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் எதை வெட்டலாம், எதை விட்டுவைக்கலாம் என்பது தானாகத் தெளியும்.

1932 வண்டிக்கு மட்டுமே உரிய ஒரு விஷயம் உண்டு. பெரும்பாலான கார்களில் சேசிஸ் பாடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். இதில் சேசிஸின் பக்கச் சட்டம் கதவுக்குக் கீழே வெளியே தெரியும்படியே வடிவமைக்கப்பட்டது. அதன் முகத்தில் முன்னிருந்து பின்வரை ஓடும் ஒரு அழுத்தக் கோடு இருக்கிறது. மட்கார்டைக் கழற்றினால் அந்தக் கோடு முழுதாகக் கண்ணில் படும். மட்கார்டு இல்லாமல், பாடி சேசிஸின் மேலேயே உட்கார்ந்திருக்கும் அமைப்புக்கு ஹைபாய் என்று பெயர். அந்த அமைப்பில் இந்த வருடத்து ஃபோர்டு இவ்வளவு கொண்டாடப்படுவதற்கு அந்தச் சட்டம் ஒரு பெரிய காரணம். இதைப் படித்து அறிந்திருந்தேனே தவிர, கண்ணால் உணர்ந்தது முதல் பாடியைக் கெடுத்த பிறகுதான்.

முதல் பாடி

மில்லிமீட்டரில் வேலை செய்பவர்களுக்கு 1/25 ஒரு வசதியான அளவு. நிஜ வண்டியின் ஒரு அங்குலம் இங்கே 1.016 மி.மீ. அதனால் "மூன்று அங்குலம் சாப், நான்கு அங்குலம் சேனல்" என்று யாராவது எழுதியிருந்தால் அப்படியே மூன்று மில்லிமீட்டர், நான்கு மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். சாப் என்றால் ஜன்னல் தூண்களில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் கூரையைத் தாழ்த்துவது. சேனல் என்றால் தளத்தை அறுத்துப் பாடியைச் சேசிஸின் இருபுறமும் கீழே இறக்குவது. என் திட்டம் அதேதான்: சாப் 3, சேனல் 4.

இரண்டு வார இறுதிகளில் அறுத்து முடித்தேன். தளத்தைப் பாடியிலிருந்து பிரித்து 4 மி.மீ. மேலே ஏற்றி ஒட்டினேன். தூண்களை அறுத்துக் கூரையை இறக்கி, மாடல்களுக்கான நீர்ப்பசையால் சேர்த்தேன். அறுக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. டேப் போட்டு வண்டியை ஒன்றாக நிறுத்திப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

பாடி 4 மி.மீ. இறங்கியதால் ரேடியேட்டர் கூடு அதைவிட 4 மி.மீ. உயர்ந்து நின்றது. பானெட்டின் மேல்கோடு பின்னால் இருந்து முன்னால் வரும்போது ஏறிக்கொண்டே போனது. சரி என்று கூட்டின் அடியை 4 மி.மீ. அறுத்தேன். கோடு நேரானது, ஆனால் கிரில்லின் கம்பிகள் கீழே முடியும் அந்த வளைவு போய்விட்டது. 1932 ஃபோர்டின் முகமே அந்த வளைவில்தான் இருக்கிறது.

உள்ளே பார்த்தால் இன்னொரு சிக்கல். உட்கார்ந்த நிலையில் ஒரு ஆளின் உயரம், இருக்கையில் இருந்து தலை உச்சிவரை சுமார் 90 செ.மீ.; இந்த அளவில் 36 மி.மீ. கிட்டின் தளத்தில் இருந்து கூரைக்கு 46 மி.மீ. இருந்தது. அதில் சேனல் 4, சாப் 3 போனால் மிச்சம் 39. இருக்கை மெத்தைக்கு 8 கழித்தால் 31. ஓட்டுநரின் தலை கூரைக்கு மேலே 5 மி.மீ. வந்துவிடும். பொம்மையில் யாரும் உட்காரப் போவதில்லைதான். ஆனால் ஆள் ஏற முடியாத வண்டி என்பதைக் கண் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறது. ஸ்டீயரிங் ஜன்னல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது அது எதனால் உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாவிட்டாலும், உறுத்தும்.

பக்கச் சட்டத்தில் கீழே 2 மி.மீ. மட்டும் ஒரு கீற்றுபோல எஞ்சியிருந்தது. அந்த அழுத்தக் கோடு பாடிக்குள் போய்விட்டது.

எங்கே பிசகியது

இவ்வளவு அறுத்தும் வண்டி தாழ்வாகத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு முதலில் புரியாத விஷயம். சேற்றில் புதைந்த மாதிரி இருந்தது, தாழ்வாக இல்லை. முன் டயர்கள் பழையபடி உயர்ந்து நின்றன.

வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தேன். ஒரு வண்டியின் உயரத்தில் இரண்டு தூரங்கள் உண்டு: தரையில் இருந்து சேசிஸ் வரை ஒன்று, சேசிஸில் இருந்து கூரை வரை இன்னொன்று. நான் குறைத்தது இரண்டாவதை மட்டும். முதலாவது கிட்டில் வந்த அளவிலேயே இருந்தது. ஏரிப்படுகையில் ஓடிய வண்டிகளின் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பாடி அதன் இடத்திலேயே இருக்கிறது. முன் ஆக்சில்தான் தாழ்த்தப்பட்டிருக்கிறது. முன்னால் சிறிய டயர், பின்னால் பெரிய டயர், அதனால் மூக்கு இறங்கிய ஒரு முன்சரிவு. நான் "தாழ்வு" என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்தச் சரிவைத்தான்.

முதல் பாடியைத் தூக்கிப் போடவில்லை. பசை, பட்டி, பெயின்ட் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க அதையே வைத்துக்கொண்டேன். அது எவ்வளவு பெரிய உதவி என்பது பெயின்ட் கட்டத்தில் தெரிந்தது.

சக்கரத்திலிருந்து மேலே

இரண்டாவது கிட்டில் முதல் மூன்று வாரம் ரம்பத்தை எடுக்கவே இல்லை. ஒரு தடித்த கண்ணாடிப் பலகை. அதன்மேல் சேசிஸை மரக்கட்டைகளில் ஏற்றி, நான்கு டயர்களையும் சுவரில் போஸ்டர் ஒட்டும் களியால் தற்காலிகமாக நிறுத்தினேன். முன் டயரின் விட்டம் 26 மி.மீ., பின் டயர் 31. பாடியை மாஸ்கிங் டேப்பால் கட்டினேன். கட்டைகளின் உயரத்தை அட்டைத் துண்டுகளால் அரை அரை மில்லிமீட்டராக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் தரை மட்டத்தில் இருந்து ஒரே இடத்தில் கேமராவை வைத்துப் படம் எடுத்தேன். படங்களை அன்றே பார்க்கக் கூடாது. அன்று பார்த்தால் கடைசியாக வைத்த நிலைதான் பிடிக்கும். மறுநாள் வரிசையாகப் பார்த்தால் எது சரி என்று சட்டெனத் தெரியும்.

சட்டத்தின் அடிவிளிம்பு முன் ஆக்சில் இருக்கும் இடத்தில் தரையில் இருந்து 8.5 மி.மீ., பின் ஆக்சில் இடத்தில் 11.5 மி.மீ. என்று முடிவானது. நிஜ வண்டியில் இரண்டு ஆக்சில்களுக்கும் இடைவெளி 106 அங்குலம், இந்த அளவில் 107.7 மி.மீ. அந்த நீளத்தில் 3 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒன்றரை டிகிரிக்குச் சற்றே கூடுதலான சரிவு. வித்தியாசத்தை 5 மி.மீ. ஆக்கிப் பார்த்தபோது வண்டி மூக்கைத் தரையில் முட்டப்போவதுபோல இருந்தது. இவ்வளவு சிறிய கோணம் இவ்வளவு பேசும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முன்பக்கம் 3 மி.மீ. இறங்க வேண்டியிருந்தது. அதில் 2 மி.மீ. ஆக்சிலில் எடுத்தேன். நிஜத்தில் ஆக்சில் உத்தரத்தின் இரு முனைகளையும் மேல்நோக்கி வளைப்பார்கள். சக்கரம் அதே உயரத்தில் இருக்க, உத்தரமும் அதன்மேல் உட்காரும் வண்டியும் இறங்கும். பிளாஸ்டிக்கில் வளைத்தால் உடையும். அதனால் சக்கரம் மாட்டும் முனைகளை அதற்கு உட்புறமாக நறுக்கி, 2 மி.மீ. உயர்த்தி மறுபடி சேர்க்க வேண்டும். அந்த இடத்தில் உத்தரத்தின் தடிமன் 1.5 மி.மீ.தான். வெறும் பசை தாங்காது. கைத்துளைப்பானில் 0.5 மி.மீ. பிட்டை மாட்டி, விரல்களால் உருட்டி உருட்டித் துளைத்தேன். கால் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுருளைத் தட்டிவிட வேண்டும். அவசரப்பட்டால் உராய்வுச் சூட்டில் பிளாஸ்டிக் இளகி பிட்டைப் பிடித்துக்கொள்ளும். பித்தளைக் கம்பியை 'எஸ்' வடிவில் மடக்கி இரண்டு துளையிலும் செருகி, சூப்பர் குளூ வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் கம்பியால் தசை கொடுத்து அரத்தால் வடிவமாக்கினேன். இரண்டு முனைகளுக்கும் இரண்டு மாலைகள். வேலை மெதுவானது, ஆனால் இந்த மாடலிலேயே எனக்குப் பிடித்த பாகம் இதுதான்.

மீதி 1 மி.மீ. ஆக்சிலின் குறுக்கே மேலே உட்காரும் பட்டை ஸ்பிரிங்கில். அதன் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்கினேன். பின்னால் ஸ்பிரிங் உட்காரும் இடத்தை 1 மி.மீ. சீவியது போதும்.

நான்கு சக்கரமும் தரையில் படுகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: ஒவ்வொரு டயருக்கும் அடியில் ஒரு காகிதக் கீற்றை நுழைத்து இழுக்க வேண்டும். நான்கும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். இடது முன்பக்கம் தளர்வாக இருந்தது. அந்த முனையைக் கால் மில்லிமீட்டர் சரிசெய்ததும் பிடித்தது.

கூரை

சேனல் இந்த முறை கிடையாது. சாப் எவ்வளவு என்பதைக் காகிதத்தில் முடிவு செய்தேன். பாடியைப் பக்கவாட்டில் படமெடுத்து, மாடலின் அதே அளவில் அச்சிட்டு, ஜன்னல் தூண்களில் 2, 2.5, 3 மி.மீ. கீற்றுகளை வெட்டி எடுத்து மூன்று படங்களாக ஒட்டிவைத்தேன். 3 மி.மீ. வெட்டிய படத்தில் ஜன்னல் வெறும் பிளவாகிவிட்டது. 2.5-ஐ எடுத்துக்கொண்டேன். தலைக்கான கணக்கு: 46-ல் 2.5 போக 43.5, மெத்தையை 7 ஆகச் சீவினால் 36.5. ஆள் உட்காரலாம்.

பட்டையான மாஸ்கிங் டேப்பையே வழிகாட்டியாக ஒட்டி, 0.1 மி.மீ. தடிமனுள்ள உலோகத் தகட்டு ரம்பத்தால் அறுத்தேன். கோட்டின் மேலேயே அறுக்காமல் கழிக்கப்போகும் பக்கமாக அறுத்து, மிச்சத்தைக் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

கூரையை இறக்கி வைத்தால் தூண்கள் பொருந்தாது. இது கைப்பிழையால் வருவதில்லை, வடிவத்தால் வருவது. முன் கண்ணாடித் தூண்கள் மேலே போகப்போகப் பின்னால் சாய்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு துண்டை எடுத்தால் மேல்பாதி கீழ்பாதிக்குப் பின்னால் விழும், எனக்கு 0.4 மி.மீ. விழுந்தது. பின்பக்கம் கூரை முன்னோக்கிச் சாய்வதால் அங்கே கிட்டத்தட்ட அதே அளவு முன்னால் விழுந்தது. ஆக, கூரை நீளம் போதவில்லை. தூண்களை வளைத்து இழுத்துப் பிடித்து ஒட்டுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கண்ணாடியின் சாய்வு மாறும், இழுவிசை உள்ளேயே இருந்து பின்னால் விரிசலாக வரும். சரியான வழி கூரையைக் குறுக்கே அறுத்து நீட்டுவது. ஒரே வெட்டு போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கதவுக்குப் பின்னால் உள்ள நடுத்தூண் செங்குத்தானது; அது இம்மியும் நகரக் கூடாது. எனவே அதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு வெட்டுகள். ரம்பம் தின்ற 0.1-ஐயும் சேர்த்து இரண்டிலும் 0.5 மி.மீ. பிளாஸ்டிக் பட்டை சரியாக உட்கார்ந்தது.

அந்த வெட்டுகளை மறைக்க நிஜ வண்டியே இடம் கொடுக்கிறது. 1932-ல் கூரை முழுவதும் இரும்பு கிடையாது. நடுவில் ஒரு பெரிய செவ்வகம் துணியால் மூடப்பட்டிருந்தது. ஃபோர்டில் முழு இரும்புக் கூரை வந்தது 1937 மாடலில்தான். ஹாட் ராட் கட்டியவர்கள் அந்தத் துணியை எடுத்துவிட்டு இரும்புத் தகட்டால் மூடினார்கள். நானும் கிட்டில் துணி அச்சு இருந்த செவ்வகத்தை 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டால் மூடினேன். வெட்டுகளில் பெரும்பகுதி அதற்கடியில் போய்விட்டது.

கிட்டின் ஜன்னல் கண்ணாடிகள் இனிப் பொருந்தாது. 0.25 மி.மீ. தெளிவான தகட்டில் புதிதாக வெட்டி, வெள்ளைப் பசையால் வைத்தேன். இங்கே சூப்பர் குளூ கூடவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும்.

பெயின்ட்

சோதனைக்கு வைத்த முதல் பாடியில் தூண்களை நீர்ப்பசையால் ஒட்டி, இரண்டு நாளில் தேய்த்து, பிரைமரும் கறுப்பும் அடித்திருந்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு வாரம் கழித்து எட்டு இணைப்புகளிலும் மெல்லிய பள்ளக் கோடு தெரிந்தது. நீர்ப்பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துச் சேர்க்கிறது. கரைந்த இடம் முதலில் உப்பும். உப்பியிருக்கும்போதே சமமாகத் தேய்த்துவிட்டால், கரைப்பான் முழுதும் ஆவியாகிப் போன பிறகு அந்த இடம் சுருங்கிப் பள்ளமாகும். மேலே அடித்த பெயின்ட் எதையும் மறைக்காது. பளபளப்புக் கறுப்பு எடுத்துக் காட்டும்.

எனவே இரண்டாவது பாடியின் தூண்களில் பித்தளை ஊசியும் சூப்பர் குளூவும் மட்டும். அதே பசைதான் இடைவெளி நிரப்பவும். அது சுருங்காது. ஆனால் அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்துக்குள்ளேயே தேய்த்துவிட வேண்டும். ஒரு இரவு விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். தேய்க்கும்போது பசை மேடாக நிற்க, பக்கத்தில் பள்ளம் விழும். கூரைக்கு இரண்டு பாகம் கலக்கும் பாலியெஸ்டர் பட்டி பூசினேன். ட்யூபில் வரும் ஒற்றைப் பட்டி காயும்போது சுருங்குவதால் இவ்வளவு பெரிய பரப்புக்கு ஆகாது.

பெயின்ட் அடிக்கும் முன் கதவுக் கோடுகளைக் கத்தியின் முதுகால் ஆழப்படுத்தினேன். நாலைந்து கோட் ஏறினால் அவை நிரம்பிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, பிரைமர், அப்புறம் கறுப்பு லாக்கர், மெல்லிய கோட்களாக. வீரியமான லாக்கரை நேரடியாகப் பிளாஸ்டிக்கில் அடித்தால் பரப்பு வெடிப்புவிடும், பிரைமர் இடையில் இருந்தே ஆக வேண்டும். மூச்சுக்கவசம் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பத்து நாள் கழித்து 2000, 3000 நம்பர் தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் செய்தேன். இடது பக்கம், ஜன்னல்களுக்குக் கீழே ஓடும் இடுப்புக் கோட்டின் விளிம்பில் ஒரு இடத்தில் பிரைமர் தெரிந்துவிட்டது. விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெலிதாகத்தான் நிற்கும், அங்கே டேப் ஒட்டிப் பாதுகாத்திருக்க வேண்டும். தூரிகையால் தொட்டுச் சரிசெய்தேன். சாய்ந்த வெளிச்சத்தில் இன்னும் தெரியும்.

இன்ஜினும் குரோமும்

பானெட்டின் பக்கத் தகடுகளை மாட்டவில்லை, இன்ஜின் தெரிய வேண்டும். இந்த வி8-ல் எக்ஸாஸ்ட் வழிகள் பிளாக்கின் ஊடாக ஓடுகின்றன. சூடு ஏறுகிறது என்று இந்த இன்ஜினுக்கு வந்த பெயருக்கு அது முக்கியக் காரணம். ஒரு பக்கத்தில் சிலிண்டர் நான்கு இருந்தாலும் வெளியே வரும் துளை மூன்றுதான், நடு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கிட்டின் மாற்று எக்ஸாஸ்ட் பாகத்தில் நான்கு குழாய்கள் இருந்தன. ஒன்றை நறுக்கி எடுத்து மூன்றாக்கினேன்.

பிளக் ஒயர்களுக்கு 0.3 மி.மீ. கம்பி, நிஜத்தில் 7 மி.மீ. தடிமன், கணக்குச் சரியாக வரும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை, 1-5-4-8-6-3-7-2. எண்கள் வலது வரிசையில் முன்னிருந்து 1 முதல் 4, இடதில் 5 முதல் 8. எட்டு ஒயரையும் அந்த வரிசையிலேயே கொடுத்தேன்.

கிட்டில் குரோம் பூசிய பாகங்கள் முப்பதுக்கு மேல். அத்தனையும் மின்னினால் கண் எங்கும் நிற்காது. முகப்பு விளக்குகள், சக்கர மூடிகள், சிலிண்டர் ஹெட்கள் தவிர மற்றதை ப்ளீச்சில் ஊறவைத்துக் கழற்றினேன். கையுறையோடு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். ப்ளீச்சோடு ஆசிட் எதுவும் கலக்கவே கூடாது. குரோம் வைத்திருக்கும் பாகங்களிலும் ஒட்டும் இடத்தில் மட்டும் சுரண்டிவிட வேண்டும், இல்லையென்றால் பசை படலத்தைத்தான் பிடிக்கும், பாகம் ஒருநாள் உதிரும். முன் கண்ணாடிச் சட்டத்துக்கு பேர் மெட்டல் ஃபாயில் என்ற, ஒட்டக்கூடிய மெல்லிய உலோகத் தாள்.

வினைல் டயர்களைச் சக்கரத்தில் மாட்டும் முன் உள்வளையத்தில் அக்ரிலிக் பெயின்ட் ஒரு கோட் அடித்தேன். வினைலில் இருந்து கசியும் மென்மையூட்டி வருடக்கணக்கில் பிளாஸ்டிக்கை அரித்து உருக்கிவிடும். என்னிடம் இருக்கும் ஒரு பழைய மாடலில் நான்கு சக்கரமும் அப்படிப் போயின.

முடிந்தபோது

முடிந்த பிறகு எடுத்த அளவு: சட்டத்தின் அடிவிளிம்பு முன்னால் 8.6, பின்னால் 11.5 மி.மீ. இரண்டு பாடிகளும் இப்போது ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கூரையின் உச்சியை அளந்தால் முதலாவதுதான் குள்ளம். பார்ப்பவர்கள் இரண்டாவதைத்தான் தாழ்வான வண்டி என்கிறார்கள்.

ஒரு விஷயம் தீரவில்லை. ஆக்சில் இறங்கியதில் முன் டயருக்கும் ஆக்சிலைப் பின்னால் பிடித்திருக்கும் தாங்குகம்பிக்கும் நடுவே இடைவெளி குறைந்துபோனது. சக்கரத்தைப் பாதித் தூரம் திருப்பினாலே டயரின் உட்புறம் கம்பியில் உரசுகிறது. அந்தக் கம்பியைப் பிரித்துச் சேசிஸின் பக்கவாட்டில் கொண்டுபோய்ப் பொருத்தினால் சரியாகும்; நிஜத்திலும் அப்படிச் செய்வது உண்டு. அதற்கான பித்தளைக் குழாய்களை வெட்டி வைத்திருக்கிறேன். அதுவரை சக்கரங்கள் நேராக நிற்கின்றன.